களப்புச் சுரியில் இருக்கும் காபனை விற்கலாமா?

கேள்வி: வாழைச்சேனைப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளர் நான். கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். "உங்கள் களப்பின் அடிச் சுரியில் காபன் சேர்ந்து கிடக்கிறது. கனியங்கள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. நாங்கள் தரும் இரும்புக் கனியத் தூளைத் தூவினால் இன்னும் சேரும், வருடா வருடம் வெளிநாட்டுப் பணம் வரும்" என்கிறார். பதிவுக்கு 25,000 ரூபாயும் சங்க முத்திரையும் உறுப்பினர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: முத்திரை வைக்காதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டைப் பிரதி யாராவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பி வாங்குங்கள்.

காபனைக் காற்றுக்குப் போகாமல் பூட்டி வைப்பவர்களுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் கொடுப்பதுண்டு, அதற்குத்தான் காபன் வரவு என்று பெயர். ஆகவே அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எனக்குப் பயம். முழுப் பொய் என்றால் நீங்களே விரட்டியிருப்பீர்கள்.

கண்டல் வேரடியில் ஒரு கைப்பிடி சுரியும் கல்லடிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலும் எடுத்து, இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் தண்ணீரோடு குலுக்கிப் பாருங்கள். மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். சுரித் தண்ணீர் நெடுநேரம் கலங்கலாகவே நிற்கும். அந்தக் கலங்கல்தான் களிமண், அவர் சொன்ன கனியம். ஒரு கிராம் களிமண்ணின் மேற்பரப்பை விரித்துப் போட்டால் சில வகைகளில் பத்து சதுர மீற்றர், சில வகைகளில் பல நூறு சதுர மீற்றர் வரும். இலை, பாசி, செத்த மீன் எல்லாம் உக்கி வரும், காபன் நிறைந்த சேதனப் பொருள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது, நுண்ணிய இடுக்குகளில் ஒளிந்தும் கொள்கிறது. பற்றீரியாவால் அதை எளிதில் தின்ன முடியாது. கடலடி அடையல்களில் சேதனப் பொருளின் பெரும்பகுதியைக் கனியத்திலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது.

இரும்புக்கும் பங்குண்டு. கடலடியில் உள்ள சேதனக் காபனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரும்போடு பிணைந்திருக்கிறது என்று 2012இல் கனடாவில் கணக்கிட்டார்கள். பாண் சுடும்போது மேல்தோல் பழுப்பாகிறதே, அதே வகை இரசாயன மாற்றத்தை இரும்பும் மங்கனீசும் குளிர்ந்த கடலடியில்கூட விரைவுபடுத்துகின்றன, அதனால் காபன் எளிதில் உக்காத பெரிய மூலக்கூறாக மாறுகிறது என்று 2023இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். உலகம் முழுக்க இப்படிப் பூட்டப்படுவது வருடத்துக்குச் சுமார் 40 இலட்சம் தொன் என்பது அவர்கள் மதிப்பீடு. உலகக் கடல் முழுவதற்குமான இந்தக் கணக்கைக் காட்டித்தான் உங்கள் களப்பை விலை பேசுகிறார்கள்.

சரி, தூளுக்கு வருவோம். இரும்பு என்று சொல்லி அவர் காட்டுவது கறுப்பு மணலாக இருந்தால், புல்மோட்டையில் எடுக்கும் இல்மனைட் என்ற கறுப்பு மணல் கனியத்திலும் இரும்பு இருக்கிறது. ஆனால் அது தைத்தேனியத்தோடு சேர்ந்து படிகத்துக்குள் இறுகிக் கிடக்கிறது. காபனைப் பிடிக்கும் இரும்பு அதுவல்ல. துருப்போல நுண்மையாக, புதிதாகப் படிந்த இரும்புதான் பிடிக்கும்.

துருத் தூளையே கொண்டுவந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. கண்டல் சுரியைத் தோண்டினால் மேலே மெல்லிய பழுப்புத் தோல், அதற்குக் கீழே கறுப்பு, கூழ்முட்டை நாற்றம். அந்தக் கறுப்பில் ஒட்சிசன் இல்லை. அங்கே பற்றீரியா இரும்புத் துருவையே கரைத்துவிடும். அப்போது இரும்பு பிடித்திருந்த காபனில் ஒரு பகுதி கைநழுவும். கந்தகம் வந்து இரும்போடு சேரும், அதுதான் கறுப்பு நிறம். அந்தக் கறுப்புச் சுரியை வெட்டி மேலே போட்டால் காற்றுப் பட்டு அமிலமாகிவிடும். கண்டலை வெட்டி இறால் குளம் தோண்டிய இடத்தில் வரம்பிலிருந்து செம்மஞ்சள் தண்ணீர் கசிவதைப் பார்த்திருந்தால் அது இதுதான். இறால் சாகும், மீன் குஞ்சு சாகும், பூட்டிக் கிடந்த காபனும் வெளியேறத் தொடங்கும். ஆகவே "சோதனைக்கு" என்று யார் வந்து இயந்திரத்தால் சுரியைக் கிளறினாலும் தடுத்து நிறுத்துங்கள்.

அப்புறம் பணம். ஏற்கனவே சுரியில் கிடக்கும் காபனுக்கு ஒருவரும் வரவு கொடுப்பதில்லை. உங்கள் முயற்சியால் புதிதாகச் சேர்ந்தது, அல்லது அழியவிருந்ததை நீங்கள் காப்பாற்றியது, இவை அளந்து நிரூபிக்கப்பட்டால்தான் கணக்கு. அதோடு, கரையோர வலயத்தின் நிர்வாகமும் பொறுப்பும் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அரசிடம் இருக்கின்றன. சங்கம் எழுதிக் கொடுக்க அது சங்கத்தின் சொத்தல்ல. முத்திரை வைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது, பிறகு உங்கள் தொழிலிடத்தில் அவர் உரிமை பேச ஒரு கடதாசி.

இதைத் தட்டிக் கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை என்பதில் எனக்குக் கோபம்தான். இதேபோன்ற கடதாசி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நான் மூன்று அலுவலகங்கள் ஏறினேன். மீனுக்கு ஒருவர், மரத்துக்கு ஒருவர், கரைக்கு ஒருவர். சுரி தன் வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

நீங்கள் வாய்மொழியாகக் கேட்டு அலைய வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எங்கள் களப்பில் காபன் திட்டத்துக்கு எவருக்காவது அனுமதி வழங்கப்பட்டுள்ளதா?" என்ற ஒரே கேள்வியைத் தமிழில் எழுதி, பிரதேச செயலகத்துக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். பற்றுச்சீட்டைச் சங்கக் கோவையில் வையுங்கள். அவர் மறுபடி வந்தால் பதில் வரட்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.