குழுவில் 'மோட்டார்' என்றால் பாட் ஏன் பேசுவதில்லை?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் டெலிகிராம் குழுவில் தினமும் "மோட்டார் எப்போ போடுவாங்க?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பதில் சொல்ல பைத்தான் நிரல்மொழியில் ஒரு சின்ன பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுதினேன். நான் தனியாக 'மோட்டார்' என்று அனுப்பினால் நேரத்தைச் சொல்கிறது. குழுவில் கேட்டால் வாயே திறப்பதில்லை. ஸ்லாஷ் (/) போட்டுத் தமிழில் கட்டளை பதியப் பார்த்தேன், பாட்களைப் பதிவதற்கு டெலிகிராம் வைத்திருக்கும் பாட்ஃபாதர் ஏற்கவில்லை. மூன்றாம் மாடிப் பெரியவர் அனுப்பும் 'மோட்டார்' மட்டும் தனியாகக் கேட்டாலும் அதற்குப் புரிவதில்லை. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் எழுதிய பதில் பகுதியில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. பாட்டின் காதுக்கு என்ன வந்து சேர்கிறது என்பதில்தான் மூன்று சிக்கலும்.

குழுவில் மௌனம் சாதிப்பதற்குக் காரணம் பிரைவசி மோடு என்ற டெலிகிராம் அமைப்பு. புதிதாக உருவாக்கும் எந்த பாட்டுக்கும் இது இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அதனால் ஸ்லாஷில் தொடங்கும் கட்டளைகளும் பாட்டுக்கு நேரடியாகத் தரும் மறுமொழிகளும்தான் பெரும்பாலும் அதற்குப் போய்ச் சேரும். குழுவின் மற்றப் பேச்சு அதன் காதிலேயே விழாது. பாட்ஃபாதரிடம் சொல்லி இதை அணைக்கலாம். அணைத்த பின் பாட்டைக் குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் நிரலைக் குடைந்தவர்களில் நானும் ஒருவன். அணைத்துவிட்டால் குழுவில் எல்லாரும் எழுதுவது பாட்டுக்கு வரும் என்பதால், முதலில் குழுவில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஸ்லாஷ் கட்டளையின் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம். நீளம் 32 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்ப் பெயருக்கு வழியில்லை, ஆனால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் விளக்கம் தமிழில் இருக்கலாம். தமிழிலேயே கட்டளை வேண்டுமானால் சொல்லுக்கு முன் ஓர் ஆச்சரியக்குறி வைத்து, '!மோட்டார்' என்று பழக்குங்கள். ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை அறைகளில் பாட்களை இப்படித்தான் கூப்பிடுவார்கள், பழைய வழக்கம். குறி இல்லாமல் வெறும் சொல்லைத் தேடினால் "மோட்டார் ரிப்பேருக்கு ஆள் இருக்கா?" என்ற கேள்விக்கும் உங்கள் பாட் "மாலை 6 மணி" என்று முந்திக்கொள்ளும்.

பெரியவர் சமாச்சாரத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த சிக்கல் இது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் 'மோ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'ம'வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று போடுவது ஒரு விதம். ஏகாரத்தின் கொம்பையும் ஆகாரத்தின் காலையும் தனித்தனிக் குறிகளாகப் போடுவது மற்றொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். பழைய எழுத்துரு மாற்றிகளில் இருந்தும் சில விசைப்பலகைகளில் இருந்தும் இரண்டாவது வடிவம் வரும். பெரியவர் அனுப்பியதை 'பிரின்ட்' செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பைத்தானின் 'லென்' கொண்டு நீளத்தை அளந்து பாருங்கள். ஒற்றைக் குறி வடிவத்தில் 'மோட்டார்' 8 என்று வரும், பிரிந்த வடிவத்தில் 9. எனக்குச் சந்தேகம் அவர் அனுப்பியது 9 என்றுதான்.

மருந்து எளிது. பைத்தானோடு கூடவே வரும் 'யூனிகோடுடேட்டா' மாட்யூலில் 'நார்மலைஸ்' என்றொரு செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு. வரும் செய்தியை முதலில் அதில் கொடுத்து, பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். உங்கள் கட்டளைச் சொற்களையும் அதே வடிவத்துக்கு மாற்றி வையுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பயனில்லை. கொ, கோ, கௌ வரிசை எல்லாவற்றுக்கும் இது போதும். 'ஔ' போட வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறவர்களை மட்டும் இது காப்பாற்றாது, அது எழுத்துப்பிழைக் கணக்கில் சேரும்.

எழுத்துப்பிழைக்காகவே இஃப், எல்ஸ் என்று அடுக்குவதை விட்டுவிட்டு ஒரு டிக்ஷனரி வைத்துக்கொள்ளச் சொல்வேன். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஓடவேண்டிய செயற்கூறு. 'மோட்டார்', 'மோட்டர்', 'தண்ணி' மூன்றும் ஒரே செயற்கூறைக் காட்டட்டும். நாளைக்கு 'குப்பை வண்டி' வேண்டும் என்பார்கள், அப்போது ஒரு வரி சேர்த்தால் போதும். ஸ்லாஷ் கட்டளையும் வைத்திருந்தால், குழுவில் பட்டியலைத் தட்டும்போது கட்டளையோடு @ போட்டு பாட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், அதை வெட்டிவிட்டுத் தேடுங்கள்.

பாட்டை உங்கள் மடிக்கணினியில்தானே ஓட்டுகிறீர்கள்? அது மூடியிருக்கும்போது வந்த செய்திகளை டெலிகிராம் 24 மணிநேரம் வரை வைத்திருந்து, திறந்ததும் மொத்தமாகக் கொடுக்கும். நேற்று ராத்திரிக் கேள்விகளுக்கெல்லாம் காலையில் வரிசையாகப் பதில் கொட்டும், குழுவில் சிரிப்பார்கள். செய்தியோடு வரும் நேரத்தைப் பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் பழையதைத் தள்ளிவிடுங்கள். வேறொரு கணினிக்கு மாற்றும்போது இங்கே ஓடுவதை நிறுத்த மறந்தால், ஒரே பாட் இரண்டு இடத்தில் ஓடுவதால் 409 என்ற பிழை வரும்.

நேரத்தை மாற்றும் உரிமையைச் செயலாளருக்கு மட்டும் கொடுப்பதாக இருந்தால், அவருடைய பயனர் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் 'செயலாளர்' என்று மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளே செய்வார்கள்.