கடலில் குடித்தனம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மதுரை திருநகரில் இருக்கிறேன். வயது 44. பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து என் கணவர், பாய்மரப் படகிலேயே குடும்பம் நடத்துகிறவர்களின் யூடியூப் வீடியோக்களாகவே பார்க்கிறார். வீட்டை விற்று, மலேசியாவில் லங்காவி பக்கம் பழைய படகு ஒன்றை வாங்கி, நாங்கள் இருவரும் அதில் வாழ்ந்துகொண்டே கடல் சுற்ற வேண்டுமாம். "படகை நான் பார்த்துக்கிறேன், நீ சமைச்சுப் போட்டுக்கிட்டு கூட வந்தா போதும்" என்கிறார். நான் கடலில் இறங்கியதே ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில்தான். நீச்சல் தெரியாது. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை', அதாவது பெண்ணோடு கடற்பயணம் கிடையாது என்று தொல்காப்பியத்தைக் காட்டுகிறார். நான் பயப்படுவது தப்பா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தப்பே இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கும் பயமாக இருந்தது. 'சமைச்சுப் போட்டுக்கிட்டு கூட வந்தா போதும்' என்றாரே, அது.

மூன்று வருடத்துக்கு முன் கொச்சி போல்காட்டித் தீவில், படகுகள் நிறுத்தும் மரினாவில், அறுபதைத் தாண்டிய ஒரு வெளிநாட்டுத் தம்பதியின் படகில் அரை நாள் இருந்தேன். அந்த அம்மா படுக்கையைக் காட்டினார். ஓரத்தில் கெட்டியான கான்வாஸ் துணியை மேலே கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. படகு சாயும்போது தூங்குகிறவர் உருண்டு விழாமலிருக்க. நம் வீட்டுத் தூளியேதான். நடுக்கடலில் அந்தத் தூளியில் ஒருவர்தான் தூங்க முடியும். மூன்று மணி நேரம் இவர், மூன்று மணி நேரம் அவர். கரை தெரியாமல் இருபது நாள் போனாலும் அப்படித்தான். விழித்திருப்பவர் கப்பல் விளக்கு ஏதும் தெரிகிறதா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், காற்று ஏறினால் பாயைக் குறைக்க வேண்டும். உடம்பில் கட்டிய பாதுகாப்பு வாரைப் படகின் கயிற்றில் மாட்டாமல் மேலே வரக் கூடாது, மற்றவரை எழுப்பாமல் பாய்மரத்துப் பக்கம் போகக் கூடாது. இந்த இரண்டும்தான் எங்கள் வீட்டுச் சட்டம் என்றார்.

இப்போது யோசியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் கணவர் கால் வழுக்கிக் கடலில் விழுகிறார். படகு 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டரில், சைக்கிளைவிட மெதுவாகத்தான் போகிறது. ஆனாலும் ஒரே நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். தானாக இயங்கும் சுக்கான் அதை நேராக ஓட்டிக்கொண்டே இருக்கும். அதை விடுவித்து, படகைத் திருப்பி, இருட்டில் அவரைத் தேடிப் போக வேண்டியது நீங்கள். உங்களுக்குப் படகோட்டத் தெரியாதென்றால், நீங்கள் கூட இருந்தும் அவர் தனியாகத்தான் கடலில் இருக்கிறார்.

மரலின் பெய்லி என்ற ஆங்கிலப் பெண்ணுக்கும் நீச்சல் தெரியாது. அவரும் கணவர் மாரிஸும் வீட்டை விற்றுப் படகு வாங்கி 1972-இல் கிளம்பினார்கள். செய்தி அனுப்பும் ரேடியோ வேண்டாம் என்று வைத்தது மாரிஸின் முடிவு. 1973 மார்ச்சில் பசிபிக்கில் திமிங்கலம் மோதிப் படகு மூழ்கியது. ரப்பர் மிதவையில் 117 நாள். ஊக்கை வளைத்துத் தூண்டில் செய்தார்கள், மழைநீரைப் பிடித்துக் குடித்தார்கள். ஏழு கப்பல்கள் கண்டுகொள்ளாமல் கடந்து போயின. மாரிஸ் மனம் விட்டுப்போய்க் கிடந்தபோது, அடுத்த படகை எப்படிக் கட்டலாம் என்று பேச்சுக் கொடுத்தே அவரை உயிரோடு வைத்திருந்தவர் மரலின். கடைசியில் ஒரு கொரிய மீன்பிடிக் கப்பல் மீட்டது. அந்த அடுத்த படகில் இருவரும் மறுபடி கடலுக்குப் போனார்கள். எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அப்பாவிடம் சொல்லுங்கள்: அந்த நூற்பா, பொருள் தேடப் பிரியும் தலைவன் தலைவியைக் கடலில் கூட்டிப்போவதாகப் பாடும் மரபு இல்லை என்கிறது. பெண்ணால் முடியாது என்று அதில் எங்கேயும் இல்லை. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா என்ற இரண்டே பெண்கள் கிளம்பினார்கள். உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ரூபா நம் புதுச்சேரிக்காரர்.

கொச்சியில் பார்த்த படகில் இருவருக்கும் சேர்த்து 300 லிட்டர் தண்ணீர்தான். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவி, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் விட்டு அலசுவார்கள். மதுரையில் குடம் எண்ணிக் குடும்பம் நடத்திய உங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கணவரிடம் ஒன்று கேளுங்கள். வீடியோவில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா பாஸ்போர்ட்காரர்கள். நம் பாஸ்போர்ட்டுக்குப் பல நாடுகளில் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். காற்றை நம்பிப் போகிற படகு எந்தத் தேதியில் வந்து சேரும் என்று விண்ணப்பத்தில் எழுதுவார்?

சரி, என்ன செய்யலாம்? ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியத்தில் நீச்சல் குளம் இருக்கிறது, முதலில் அங்கே சேருங்கள். அப்புறம் இருவருமாகச் சென்னை போங்கள். 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் பாய்ப் படகு ஓட்டக் கற்றுத்தருகிறார்கள். காற்று நன்றாக இருக்கிற ஒரு காலையில் சுக்கானை நீங்கள் பிடியுங்கள், பாய்க் கயிறு அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் 'விடுங்க' என்று சொன்னதும் கயிற்றை விடுகிறாரா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வீட்டுப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.