பிரித்து எடுத்துச் செல்லும் மரவில்: கேட்டதும் சொன்னதும்

மரவில் செய்ய ஆரம்பித்திருப்பவர்கள் பலர் ஒரே சமயத்தில் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, என் வில் 66 அங்குலம். பஸ்ஸில் கொண்டுபோகவே முடியவில்லை. இரண்டாகப் பிரிகிற மாதிரி செய்வதா, மூன்றாகவா?

இரண்டாகப் பிரித்தால் ஒரு துண்டு 33 அங்குலம். இரண்டையும் இணைக்கும் குழலான பூண் ஒரு துண்டிலிருந்து 2 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தத் துண்டு மட்டும் 35 வரும். மூன்றாகப் பிரித்தால், நடுவில் கைப்பிடியாக 18 அங்குல ரைசர் கட்டை ஒன்று, அதன்மேல் 3 அங்குலம் படிகிற இரண்டு லிம்ப், அதாவது வளைகிற கைகள். அப்போது மிக நீளமான துண்டே 27 அங்குலம்தான். முதுகுப் பையில் செருகிவிடலாம்.

ஆனாலும் முதல் வில் என்றால் இரண்டு துண்டாகவே செய்யுங்கள். அதில் ஒரே ஒரு இணைப்புதான். மூன்று துண்டு வில்லில் இணைப்பு இரண்டு. ரைசரில் லிம்ப் உட்காரும் இரண்டு மேடையும் ஒரே சாய்வில், ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தாலும் நாண் கைப்பிடியின் நடுவில் விழாமல் பக்கவாட்டில் ஓடும்.

நடுவில் அறுத்தால் வில்லின் பலமே போய்விடாதா அண்ணே?

பயம் நியாயமானது. வில்லை இழுக்கும்போது வளைக்கும் விசை மிக அதிகமாக விழுவது கைப்பிடியில்தான். அப்படியிருந்தும் அங்கே வளையாமல் இருக்கக் காரணம் அதன் கனம். அகலம் மாறாமல் கனத்தை மூன்று மடங்காக்கினால் விறைப்பு 27 மடங்காகும். அரை அங்குல லிம்ப் கைப்பிடியில் ஒன்றரை அங்குலமாகத் தடிக்கும்போது அந்த இடம் அசையாது. அசையாத இடத்தில்தான் இணைப்பு வைக்கலாம்.

அறுப்பதற்கு முன் ஒரு சோதனை. வில்லைச் சுவரில் மாட்டிக் கப்பியில் பாதி அளவு இழுத்து நிறுத்துங்கள். கைப்பிடியின் முதுகில், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், ஒரு இரும்பு ஸ்கேலை வில்லின் நீளவாக்கில் ஒட்டிப் பிடித்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். இழுக்காதபோது தெரியாத வெளிச்சம் இப்போது இடுக்கில் கசிந்தால் கைப்பிடியும் வளைகிறது என்று பொருள். அந்த வில்லை அறுக்காதீர்கள்.

அந்தப் பூணை எப்படிச் செய்வது? பித்தளைக் குழாய் போதாதா?

போதும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரை வண்டியில் கொண்டுபோவதற்காகவே கைப்பிடியில் உலோகக் குழாய் வைத்துப் பிரியும் வில்களைச் செய்தார்கள். ஆனால் உருண்டைக் குழாய்க்குள் மரம் சுழலும். அதைத் தடுக்கத் தனியாக ஒரு முளை வைக்க வேண்டும். வீட்டில் செய்ய ஃபைபர் கிளாஸ் துணியும் எபாக்ஸி பசையும்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் உங்கள் கைப்பிடியே அச்சாகிவிடுகிறது.

கைப்பிடியின் நடுப்பகுதியை முட்டை வடிவக் குறுக்குவெட்டு வரும்படி அரத்தால் ராவுங்கள். நடுவில் அறுத்ததும், மேல் துண்டின் முனை வெட்டுவாய் நோக்கி மிக மிக லேசாக ஒடுங்கட்டும். அப்போதுதான் பிறகு கழன்று வரும். அந்த முனைக்கு மட்டும் பேக்கிங் டேப் சுற்றி மெழுகு தடவுங்கள். கீழ்த் துண்டின் முனையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அப்படியே விடுங்கள், பூண் அதில் நிரந்தரமாக ஒட்ட வேண்டும்.

இரண்டையும் நேரான பலகையில் முனையோடு முனை வைத்து, மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் கைப்பிடியின் சரிநடுவில் ஓடும்வரை கிளாம்பை இறுக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, வில்லின் தலையெழுத்து இங்கேதான். பிறகு 4 அங்குல அகலத் துணியை எபாக்ஸியில் நனைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் ஒரு பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். கழற்றி டேப்பை உரித்தால் அதன் கனத்துக்கு ஒரு நூலிழை இடைவெளி இருக்கும். மரமுனைக்கு மெல்லிய வார்னிஷ் பூச்சு ஒன்றோ இரண்டோ கொடுத்தால் அது அடைந்துவிடும்.

பூண் போட்ட பிறகுதான் லிம்ப்களைக் கடைசியாக இழைத்து வளைவைச் சரிபார்க்க வேண்டும். இணைப்பில் மயிரிழை கோணல் இருந்தாலும் இழைப்பில் திருத்திக்கொள்ளலாம்.

சார், நான் மூன்று துண்டாகத்தான் செய்யப்போகிறேன். எத்தனை போல்ட் போட வேண்டும்?

லிம்புக்கு ஒரு 8 மி.மீ. போல்ட், திரும்பாமல் இருக்க ஒரு 6 மி.மீ. முளை, அவ்வளவுதான். பலர் இரண்டு மூன்று போல்ட் போட்டு மரத்தைச் சல்லடையாக்கிவிடுகிறார்கள்.

விசை போகும் வழியைப் பாருங்கள். லிம்ப் உட்காருவது ரைசரின் முதுகுப் பக்கத்தில். நாணை இழுத்தால் லிம்பின் நுனி உங்களை நோக்கி வரும். மேடையின் வெளி விளிம்பு தாங்குபுள்ளியாகி, லிம்பின் அடி எதிர்ப்பக்கம் எழும்பப் பார்க்கும். போல்ட் அதைத் தடுக்கிறது. எனவே போல்ட் அடிமுனைப் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் சுமை குறையும். ஆனால் மரம் பிளக்காதபடி ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். மேடையின் வெளி விளிம்பைக் கூராக விட்டால் அது லிம்பைக் கடித்து, அங்கேயே முறியும். விளிம்பை உருட்டி, மெல்லிய தோல் ஒட்டுங்கள். லிம்பின் அடியில் ஒரு ஆப்பு வடிவக் கட்டை ஒட்டி, மேடையைத் தாண்டிய பிறகே வளைவு தொடங்கும்படி செய்யுங்கள்.

ரைசரில் மரத்திலேயே மரை வெட்டாதீர்கள், தேய்ந்துவிடும். உள்ளே மரை வெட்டிய இரும்பு அல்லது பித்தளைக் குழலை எபாக்ஸி வைத்துப் பதியுங்கள். போல்ட்டைக் கையால் இறுக்கினாலே போதும், நாண் ஏறியதும் இழுவிசையே இறுக்கிக்கொள்ளும்.

நம் ஊரில் கிடைக்கிற மரத்தில் எது நல்லது?

லிம்புக்குக் கல்மூங்கில். மூங்கிலின் வலுவான நார் வெளித்தோலை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் தோல் பக்கமே வில்லின் முதுகாக வரட்டும், அதை இழைக்காதீர்கள். கணுக்களை மட்டமாக்கும் ஆசையும் வேண்டாம். பச்சையாக அறுத்துச் செய்தால் வளைந்தபடியே நின்றுவிடும். நிழலில் மாதக்கணக்கில் காயட்டும்.

ரைசருக்கு வைரம் பாய்ந்த வேங்கை, கருவேலம், பூவரசு எல்லாம் ஆகும். தேக்கு போடுவதானால் அதிலுள்ள எண்ணெய் பசையை ஒட்டவிடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள்.

இழுக்கும்போது இணைப்பில் 'கிரீச்' என்று சத்தம் வருகிறது. உடையப்போகிறதா?

முதலில் நாணை இறக்குங்கள். இணைப்பைப் பிரித்து, ஒரு முகத்தில் பென்சில் கரி தடவி, மறுபடி பூட்டிக் கழற்றுங்கள். எதிர் முகத்தில் கரி எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் மரம் மரத்தைத் தொடுகிறது. அந்த மேட்டை உப்புத்தாளால் எடுத்துத் தேன்மெழுகு பூசினால் பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும். போல்ட்டை மேலும் முறுக்குவது தீர்வல்ல, மரம்தான் நசுங்கும். ஆனால் பூணிலோ மரத்திலோ வெள்ளைக் கோடு மாதிரி விரிசல் தெரிந்தால் அந்த வில்லை இழுக்கவே கூடாது.

அப்பா செய்துகொடுத்த ஒற்றை வில் இருக்கிறது. வெளியூர் வந்துவிட்டேன், அதை இரண்டாக்கலாமா?

அம்மா, ஸ்கேல் சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி விறைப்பாக, 5 அங்குல நீளத்துக்காவது தடித்து இருந்தால் தொழில்நுட்பப்படி முடியும். ஆனால் பூணுக்காக அவர் பிடிக்க வாகாகச் செதுக்கிய கைப்பிடியை ராவ வேண்டிவரும். என் யோசனை, அதன் அளவுகளைக் காகிதத்தில் எடுத்து, அதே மாதிரி புதிதாக ஒன்றைப் பிரியும் வில்லாகச் செய்யுங்கள். அளவெடுக்கும்போது லிம்பின் கனத்தை 6 அங்குலத்துக்கு ஒரு இடம் வீதம் குறியுங்கள். அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் வில்லும் அம்பும் அனுமதி இல்லை. சரக்குப் பெட்டியில் போடுவதற்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பேக் செய்யும்போது நாணையும் போல்ட்டுகளையும் தனிப் பையில் போட்டு ரைசரோடு கட்டுங்கள். ஒரு போல்ட் தொலைந்தாலும் போன ஊரில் வில் இல்லை. லிம்ப்களில் மேல், கீழ் என்று எழுதி வையுங்கள். கீழ் லிம்பைக் கொஞ்சம் விறைப்பாகச் செய்வதுதான் வழக்கம், மாற்றிப் பூட்டினால் அம்பு ஒழுங்காகப் போகாது.