கர்ப்பகாலச் சர்க்கரைக்கு பிளாஸ்டிக் டப்பாதான் காரணமா?

கேள்வி: மனைவிக்கு 6-வது மாதம். குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 148 வந்திருக்கிறது. அடிக்கடி ஹோட்டல் பார்சல் வாங்குவோம், மிச்சத்தை பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைப்போம். அதனால் வந்திருக்குமா? எதையெல்லாம் மாற்றணும்?

75 கிராம் குளுக்கோஸுக்கு 2 மணி நேரத்தில் 140-ஐத் தொட்டாலே நம் ஊரில் கர்ப்பகாலச் சர்க்கரை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இதில் பெரிய பங்கு நஞ்சுக்கொடிக்கு. அது சுரக்கும் ஹார்மோன்கள் 5-வது மாதத்துக்கு மேல் இன்சுலினை மந்தமாக்கும். கணையம் ஈடுகொடுக்க முடியாதபோது சர்க்கரை ஏறும். பரம்பரை, எடை, வயது எல்லாம் இதோடு சேரும். பிளாஸ்டிக்கில் இருந்து வரும் பிஸ்பினால் ஏ, தாலேட் இரண்டும் ஹார்மோன் வேலையில் குறுக்கிடக்கூடியவைதான். ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரையோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. அதனால் பார்சல் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டோமே என்று நொந்துகொள்ளாதீர்கள். முதலில் தட்டைச் சரிசெய்யுங்கள், அப்புறம் டப்பா.

தட்டில் காலைச் சாப்பாடுதான் முக்கியம். கர்ப்பத்தில் காலை நேரத்தில் இன்சுலின் இன்னும் மந்தமாக இருக்கும். அதே 4 இட்லி இரவைவிடக் காலையில் அதிகம் ஏற்றும். 2 இட்லி, பருப்பு நிறையப் போட்ட கெட்டிச் சாம்பார், கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வையுங்கள். குறைத்த இட்லியை 11 மணிக்குக் கொடுக்கலாம். மதியம் தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ. ஜூஸ் வேண்டாம், பழமாகக் கடித்துச் சாப்பிடட்டும். டாக்டர் நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் தவிர, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10–15 நிமிஷம் நடை. பயந்துபோய்ச் சோற்றை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பைக் கரைத்து, கீட்டோன் என்ற அமிலப் பொருளை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

இனி பிளாஸ்டிக். சூடு, எண்ணெய், நேரம், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அதிகம் கசியும். கொதிக்கக் கொதிக்கச் சால்னாவைக் கவரில் கட்டி அரைமணி நேரம் வண்டியில் தொங்கவிடுவதில் மூன்றும் இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் அரிசி, பருப்பு கொட்டி வைப்பதில் சூடும் இல்லை, எண்ணெயும் இல்லை. எனவே அடுக்களை டப்பாக்களை எல்லாம் தூக்கிப்போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். பார்சலுக்கு எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள். மிச்சக் குழம்பை எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ வையுங்கள். மைக்ரோவேவ் என்றால் கண்ணாடியும் பீங்கானும் மட்டும். டீக்கடைப் பேப்பர் கப்பும் தப்பாது. உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக்தான். அதில் 100 மில்லி சூடான பானம் 15 நிமிஷம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் கலக்கிறது என்று காரக்பூர் ஐஐடி ஆய்வு காட்டியது. கண்ணாடி டம்ளரில் கேட்டு வாங்குங்கள்.

20 லிட்டர் தண்ணீர் கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் பெரும்பாலும் அது பாலிகார்பனேட். பிஸ்பினால் ஏவில் செய்தது. வெயிலில் நின்ற கேனை வாங்காதீர்கள். வந்ததும் மண்பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ ஊற்றிவிடுங்கள். ஏடிஎம், சூப்பர் மார்க்கெட் ரசீதுத் தாளிலும் பிஸ்பினால் பூச்சு இருக்கலாம். கைக்குக் க்ரீமோ சானிடைசரோ போட்ட ஈரத்தோடு அதைத் தொட்டால் தோல் வழியாக இன்னும் அதிகம் இறங்கும். ‘பிபிஏ (பிஸ்பினால் ஏ) இல்லை’ என்ற லேபிளை நம்பி அதில் சுடச்சுட ஊற்றவும் வேண்டாம். பல நேரம் அதற்குப் பதிலாகப் போடுவது பிஸ்பினால் எஸ். அதன் குணமும் கிட்டத்தட்ட அதேதான்.

நல்ல செய்தி, பிஸ்பினாலும் தாலேட்டும் உடம்பில் தங்குவதில்லை. பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். தினமும் திரும்பத் திரும்ப உள்ளே போவதுதான் பிரச்சினை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், சான் பிரான்சிஸ்கோ பகுதியின் 5 குடும்பங்களுக்கு 3 நாள் பாக்கெட், டின் எதுவும் இல்லாத புதுச் சமையலைக் கொடுத்தபோது சிறுநீரில் பிஸ்பினால் ஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. ஆனால் 2013-ல் வெளியான சியாட்டில் ஆய்வில் பிளாஸ்டிக் படாமல் சமைத்துக் கொடுத்தும் தாலேட் ஏறிவிட்டது! தேடிப் பார்த்தால், அரைத்து வந்த மல்லித்தூளில் கிராமுக்கு 21,400 நானோகிராம் தாலேட். கடைப்பொடி எல்லாமே இப்படி என்று அர்த்தமில்லை. வீட்டுக்கு வருமுன்பே குழாய், பெல்ட், மூட்டை என்று எங்கோ ஏறிவிட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். முழு மல்லியும் மிளகாயும் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்து, பொடியைப் பாட்டிலில் வையுங்கள். நம் வீடுகளில் தினமும் குழம்புக்கு விழும் பொருள் ஆயிற்றே. ‘பிளாஸ்டிக் நச்சை வெளியேற்றும்’ கஷாயம், டீடாக்ஸ் எதுவும் கர்ப்பத்தில் வேண்டாம்.

2 வாரம் இப்படிச் சாப்பிட்ட பிறகு, சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 120-க்குக் கீழே இருக்க வேண்டும். தாண்டினால் மெட்ஃபார்மினோ இன்சுலினோ தருவார்கள், தள்ளிப்போடாதீர்கள். பலர் செய்யும் தப்பு, டெஸ்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து, அன்று காலை ஒரே ஒரு இட்லியோடு போய் நிற்பது. எண் நன்றாக வரும், மருந்து தேவைப்படுகிறவருக்கு மருந்து கிடைக்காமல் போகும். வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.