ஓடிப் பழக்கமே இல்லாத ஐந்து நண்பர்கள் எட்டுக் கிழமையில் 5 கிலோமீற்றர் நிதிசேகரிப்பு ஓட்டத்தை முடிக்கலாமா?

கேள்வியின் சுருக்கம்: யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஒரு நிதிசேகரிப்பு ஓட்டத்துக்கு ஐந்து நண்பர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தூரம் 5 கிலோமீற்றர். கையில் எட்டுக் கிழமை இருக்கிறது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு ஐவரில் ஒருவரும் ஓடியதில்லை. பரிசு வேண்டாம், எல்லாரும் சேர்ந்து முடித்தால் போதும்.

தாராளமாக முடிக்கலாம். 5 கிலோமீற்றரை வேகமாக நடந்தாலே 55 நிமிடத்தில் போய்ச் சேரலாம். இப்படியான ஓட்டங்களில் ஆட்கள் பாதி வழியில் குந்துவதற்குப் பலம் போதாமை காரணமல்ல. முதல் கிலோமீற்றரைக் கெதியாக ஓடிவிடுகிறார்கள், அதுதான் காரணம். தொடக்கக் கோட்டில் பாட்டு அலறும், பின்னால் சனம் நெருக்கும், கூட வந்தவன் "வாடா, வாடா" என்று இழுப்பான். அந்த ஆறு நிமிட உற்சாகத்துக்கு மிச்ச முக்கால் மணித்தியாலமும் வட்டி கட்டவேண்டி வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கிலோமீற்றரை 6 நிமிடத்தில் ஓடி, மூச்சு இளைத்து, மிச்ச நாலையும் கிலோமீற்றருக்கு 11 நிமிடம் என்று நடந்தால் மொத்தம் 50 நிமிடம். தொடக்கத்திலிருந்தே 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று மாறி மாறிப் போகிறவர், கிலோமீற்றருக்கு ஏழரை நிமிடம் என்ற ஆறுதலான வேகத்தில் ஓடினாலே ஏறத்தாழ 42 நிமிடத்தில் முடித்துவிடுவார். அதோடு கடைசியில் சிரித்தபடி படமும் எடுப்பார். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கலோவே, புதிதாக ஓட வருபவர்களுக்கு 1974 முதல் சொல்லிக்கொடுத்தது இந்த முறையைத்தான். இதில் முக்கியமான இடம் ஒன்று: நடை களைத்த பிறகு வரக்கூடாது, மணிக்கூடு சொல்லும்போது வரவேண்டும். முதல் இரண்டு நிமிடம் முடிந்தவுடன் உடம்பு புதுசாக இருக்கும், நடக்க வெட்கமாகவும் இருக்கும். அப்போது நடக்காதவர் மூன்றாவது கிலோமீற்றரில் விரும்பாமலே நடப்பார். போனில் இடைவேளைக்கு மணி அடிக்கும் செயலி ஒன்றை ஒருவர் வைத்திருந்தால் ஐவருக்கும் போதும்.

நடந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்க்க 2011இல் ஒரு குழுவினர் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் போனார்கள். போனது முழுக்க நடையாகத்தான்.

பயிற்சி கிழமைக்கு மூன்று நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வையுங்கள். ஒவ்வொரு நாளும் முன்னும் பின்னும் 5 நிமிட வேகநடை. முதல் இரண்டு கிழமையும் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி எட்டுத் தடவை. மூன்றாம் நாலாம் கிழமைகளில் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு தடவை. ஐந்தாம் ஆறாம் கிழமைகளில் 2க்கு 1 என்ற கணக்கில் எட்டுத் தடவை, ஞாயிறுகளில் மட்டும் அதே கணக்கில் மூன்றரை, பிறகு நாலு கிலோமீற்றர். ஏழாம் கிழமை ஞாயிறு ஐவரும் சேர்ந்து முழு 5 கிலோமீற்றரும் போகவேண்டும். எட்டாம் கிழமை செவ்வாய் 20 நிமிடம், வியாழன் 15 நிமிடம், பிறகு போட்டி வரை ஒன்றும் வேண்டாம். ஒரு நாள் தவறினால் விட்டுவிடுங்கள். அடுத்த நாள் இரண்டு மடங்கு ஓடி ஈடுகட்டப் போனால் காலில்தான் வந்து முடியும்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. ஓடும்போது ஒரு முழு வசனத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லோடு நின்றால் வேகம் கூடிவிட்டது. நண்பர்களோடு ஓடுவதில் உள்ள பெரிய இலாபம் இதுதான், ஊர்க்கதை கதைத்தபடி ஓடலாம். கதை நின்றுவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

மூன்றாம் நாலாம் கிழமையில் கணைக்காலின் முன்னெலும்பு வழியே நோ வருவது வழமை. மூச்சு கெதியாகப் பழகிவிடும், எலும்பும் நாரும் பழக அதைவிடக் கன நாள் எடுக்கும். "இப்ப இலேசாக இருக்கு" என்று தூரத்தைக் கூட்டுவது அந்த நேரத்தில்தான். காலை உடம்புக்கு வெகு முன்னால் எட்டிப் போட்டுக் குதிக்கால் நிலத்தில் அடிக்க ஓடுவதும், கொங்கிறீற்றிலேயே ஓடுவதும் அதைக் கூட்டும். அடியைச் சிறிதாக்கி, நாலைந்து நாள் நடையோடு நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் எலும்பில் ஒரு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் அமுக்கினால் உயிர் போகிறது, இரவில் படுத்தாலும் நோகிறது என்றால் எலும்பு வெடிப்பாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டாமல் ஓடவேண்டாம். விலாவில் குத்துவது வேறு, அது பயப்படுகிற விஷயமில்லை. வேகத்தைக் குறைத்து, குத்தும் இடத்தைக் கையால் அமத்தி, மூச்சை நீட்டி வெளியே விட இரண்டு நிமிடத்தில் போய்விடும். அநேகமாகச் சாப்பிட்டுச் சரியாகச் செமிக்காமல் வந்திருப்பீர்கள்.

எங்கே ஓடுவது? தொடக்கத்தில் மண் அல்லது புல் மைதானம் காலுக்கு நல்லது. 400 மீற்றர் தடம் என்றால் 5 கிலோமீற்றருக்குப் பன்னிரண்டரைச் சுற்று, சின்ன மைதானங்களில் போடும் 200 மீற்றர் தடம் என்றால் 25. 400 என்பது உள்கோட்டுக் கணக்கு. எட்டாவது ஓடுபாதையில் ஒரு சுற்று ஏறத்தாழ 453 மீற்றர் வரும், போன் காட்டும் தூரத்தோடு சண்டை பிடிக்கவேண்டாம். கோட்டையடி, முற்றவெளிப் பக்கம் விடியப்புறம் ஆட்கள் நடமாடுவதால் பெண்கள் சேர்ந்து ஓடவும் பயமில்லை. பண்ணைப் பாலத்து வீதி பார்க்க அழகு, ஆனால் ஒரு மர நிழல் இல்லை. சோளகக் காலத்தில் அங்கே காற்று ஆளைத் தள்ளும். போகும்போது எதிர்க்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் வரும்படி பாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோவிலைச் சுற்றிய வீதிகளை விட்டுவிடுங்கள், சனத்துக்குள் சப்பாத்தோடு ஓடுவது அழகும் இல்லை. வீதியில் என்றால் வாகனம் எதிரே வரும்படி வலப்பக்கம், வெளிர் நிறச் சட்டை. நாய் துரத்தினால் ஓடாமல் நின்று, நேரே பார்க்காமல் மெல்ல விலகி நடங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது.

எங்கள் ஊரில் தூரத்தைவிட வெக்கைதான் கூட ஆளை விழுத்தும். விடிய ஐந்தரைக்கு வெப்பம் குறைவு, ஆனால் ஈரப்பதன் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாமல் வடிந்தால் தண்ணீர் போனதுதான் மிச்சம், சூடு அப்படியே இருக்கும். அதனால் அதே வேகத்துக்கு நெஞ்சு கூட அடிக்கும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்கள் தலைக்கு நேரே வருகிறது. அந்த மாதங்களில் போட்டி என்றால் கிலோமீற்றருக்கு அரை நிமிடம் கூட எடுப்பதாகவே திட்டமிடுங்கள். உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். பயிற்சி முழுவதும் ஏசி ஜிம்மில் செய்துவிட்டு நேரே வருகிறவர் இதில்தான் மாட்டுப்படுவார், லண்டனிலிருந்து முதல் நாள் வந்திறங்கும் நண்பரும் அப்படித்தான். ஓடும்போது குளிர்வதுபோல் மயிர் கூச்செறிந்தால், தலை இடித்தால், நடக்கத் தொடங்குங்கள். கூட வருபவர் தடுமாறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது சாதாரண மயக்கமில்லை. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, கழுத்திலும் கக்கத்திலும் ஐஸ் வைத்தபடி 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடவேண்டும். அந்த நிலையில் வாயில் தண்ணீர் பருக்கப் போகாதீர்கள், புரைக்கேறும்.

குடிப்பதற்குப் போட்டிக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் அரை லீற்றர் போதும். இடையில் ஒரு தடவை நாலைந்து மிடறு. ஒவ்வொரு மேசையிலும் நின்று முழுக் கிளாஸ் குடித்தால் வயிற்றுக்குள் குலுங்கும். முடித்த பிறகு இளநீரோ, உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணியோ நல்லது. பணம் கொடுத்துக் கலர் கலராக வாங்கத் தேவையில்லை. முதல் நாள் இரவு இடியப்பமும் சொதியும், அல்லது புட்டும் பழமும். கொத்துரொட்டி, நண்டுக்குழம்பு, ஒடியல் கூழ் எல்லாம் அடுத்த நாள் மத்தியானத்துக்கு இருக்கட்டும். விடிய, போட்டிக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னர் இரண்டு துண்டுப் பாண் அல்லது இரண்டு கதலிப்பழம், ஒரு பிளேன்ரீ. போட்டி நாளில் புதிதாக எதையும் வயிற்றுக்குள் போடவேண்டாம். நோவுக்குளிசையை முற்கூட்டியே போட்டுவிட்டு ஓடுவதும் கூடாது. காய்ச்சல், உடம்பு உழைவு இருந்தால் அன்றைக்கு ஓட்டமே வேண்டாம், இங்கே மாரியில் டெங்கு இருக்கிற காலம். நீரிழிவு, பிரஷர், முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்கள் பயிற்சி தொடங்க முன்னமே வைத்தியரிடம் கேளுங்கள்.

சப்பாத்தைப் பின்னேரத்தில் போய் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். நுனியில் பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுக்கும். போட்டிக்கு ஒரு மாதம் முன்னமே வாங்கிப் பழக்கினால் போதும். பருத்தி மேசு வேர்வையில் நனைந்து கொப்புளம் போடும், மெல்லிய விளையாட்டு மேசு எடுங்கள். நிகழ்வில் தரும் ரீசேட் அநேகமாகத் தடித்த துணி. நனைந்தால் கனக்கும், உரசும். கிடைத்தவுடன் ஒரு தடவை தோய்த்து, ஒரு நாள் அதோடே ஓடிப் பாருங்கள். தொடை, கக்கம், ஆண்களுக்கு முலைக்காம்பு, பெண்களுக்கு உள்ளாடைப் பட்டி படும் இடம், எல்லாவற்றிலும் வாசலீன். இதைப் பகிடியாக எடுக்கிறவர் குளிக்கும்போது கத்துவார்.

போட்டியன்று முக்கால் மணித்தியாலம் முன்னரே நில்லுங்கள், ரொயிலெட் வரிசை அவ்வளவு நீளும். போட்டி இலக்கத் தாளை முன்பக்கம் நாலு மூலைக்கும் நாலு சட்டைப் பின் போட்டுக் குத்தி, அதன் பின்புறத்தில் வீட்டுப் போன் நம்பரையும் மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் எழுதுங்கள். கூட்டத்தின் பின்பகுதியில் நின்று தொடங்குங்கள். ஐவரில் ஆக மெதுவானவர் முன்னுக்கு, வேகமானவர் கடைசியில். இந்த ஒழுங்கு மாறினால் இரண்டாவது கிலோமீற்றரிலேயே குழு உடையும். சேர்ந்தே முடிப்பதா, பாதியில் பிரியலாமா என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள், வீதியில் வைத்துப் பேசினால் மனஸ்தாபம்தான். ஐந்து பேரும் கைகோர்த்து வீதியை அடைக்காமல் இரண்டிரண்டாகப் போங்கள். நடக்கத் தொடங்கமுன் கையை உயர்த்தி இடது ஓரம் ஒதுங்குங்கள், இல்லாவிட்டால் பின்னால் வருபவர் முதுகில் மோதுவார். செல்ஃபிக்கும் ஓரம்தான்.

நிறப்பொடி தூவும் ஓட்டம் என்றால் கண்ணாடி போடுங்கள், கொன்டக்ட் லென்ஸைக் கழற்றி வையுங்கள். முட்டு உள்ளவர் இன்ஹேலரைப் பையில் அல்ல, கையில் வைத்திருக்கவேண்டும்; பொடி வீசும் இடத்தை ஓரமாகச் சுற்றிப் போவது இன்னும் நல்லது. தலைக்கும் கைகாலுக்கும் முதலே தேங்காயெண்ணெய் பூசினால் நிறம் கெதியாகப் போகும். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றமுன் காய்ந்த பொடியை நன்றாகத் தட்டிவிடுங்கள்.

காசு விஷயம் ஒன்று. பதிவுக் கட்டணத்தில் ரீசேட்டுக்கும் சிற்றுண்டிக்கும் எவ்வளவு, உதவிக்கு எவ்வளவு என்று ஏற்பாட்டாளரிடம் கேட்பதில் தப்பில்லை. வெளிநாட்டுச் சொந்தங்களிடம் சேர்ப்பதென்றால் எதற்கு, யார் பெயரில், எந்தக் கணக்கில் என்று வாட்ஸ்அப்பில் முதல் செய்தியிலேயே எழுதி, ஓட்டத்துக்கு முன்னமே வாங்கிவிடுங்கள். ஓடி முடித்த பிறகு தருவதாகச் சொன்ன காசு அரைவாசிதான் வரும்.

கோட்டைத் தாண்டியவுடன் குந்தவேண்டாம். ஐந்து பத்து நிமிடம் நடந்து, நனைந்த ரீசேட்டை மாற்றி, பிறகு சாப்பிடுங்கள். மாடிப்படி இறங்கும்போது தொடை நோவது அடுத்த இரண்டு மூன்று நாளும் இருக்கும், அது தானாக மாறும். அந்த நாட்களில் 20 நிமிட நடை போதும், ஓட்டம் அடுத்த ஞாயிறு.