அம்மாவின் ஆக்சிமீட்டர் 91 காட்டுகிறது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்: நம்பலாமா?

இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் இந்த விரல் கருவி, 2021இல் சிங்கப்பூரில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்ததா? முதலில் பேட்டரியை மாற்றுங்கள். ஏர்கானில் சில்லிட்ட விரல், நகப்பூச்சு, கருகருவென்று ஏறிய மருதாணி எல்லாமே அதைக் குழப்பும். கருவி இரண்டு ஒளிகளை விரலுக்குள் பாய்ச்சி, நாடித்துடிப்போடு மாறும் இரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. இரத்தம் விரல் நுனிக்குச் சரியாக வராவிட்டால் கணக்கும் தப்பும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, எண் நிலைக்கும்வரை பாருங்கள்.

நம்மவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று: கறுத்த தோலில் இக்கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆக்சிஜன் குறைவு கண்ணில் படாமல் தப்பியது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே 94ஐயும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

அதைவிட மூச்சை எண்ணுங்கள். வார்டுகளிலேயே ஒப்புக்கு எழுதப்படும் எண் இதுதான். ஆனால் உடல் மோசமாகும்போது முதலில் மாறுவதும் பெரும்பாலும் இதுதான். எண்ணுவதாகச் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் முழு நிமிடம் நெஞ்சைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வழக்கம்.

கருவி மறுபடியும் 92 அல்லது அதற்குக் கீழே காட்டினால், அம்மா சிரித்துப் பேசினாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருப்பார். மூச்சு 25ஐத் தாண்டினாலோ, பேச்சு குழறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.