ஓர்சோ பாஸ்தா கிரீமியாக வர நிறைய கிரீம் ஊற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. குழைவைத் தருவது பெரும்பாலும் ஓர்சோவிலிருந்து இறங்கும் மாவுச்சத்துதான். பார்க்க அரிசி மாதிரி இருந்தாலும் அது டியூரம் கோதுமை ரவையில் செய்த பாஸ்தா (கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க). தனியாக வேகவைத்து வடித்தால் அந்த மாவுச்சத்து கஞ்சித் தண்ணீரோடு போய்விடும்.

ஆகவே வடிக்காமல், இத்தாலிய ரிசோட்டோ (கிளறிக் குழையவிடும் அரிசி உணவு) பாணியில் ஒரே பாத்திரத்தில் செய்யுங்கள். ஆலிவ் எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்கி, 1 கப் ஓர்சோவைப் போட்டு லேசாக வறுங்கள். 2½ கப் சூடான காய்கறி ஸ்டாக் (காய்கறி வேகவைத்து வடித்த சாறு) ஊற்றி, மிதமான தீயில் 10 நிமிடம் போல அடிக்கடி கிளறுங்கள். ஓர்சோ சீக்கிரம் அடிப்பிடிக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். இழுத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர்.

பலர் கோட்டைவிடுவது காய்கறியில். காளான், சுக்கினி (வெள்ளரி போன்ற சீமைக் காய்) இரண்டும் தண்ணீர் விடுபவை. பச்சையாகச் சேர்த்தால் சவசவத்துப்போகும். பெரிய தீயில் தனியாக, ஓரம் சிவக்க வதக்கி, கடைசியில் கலக்குங்கள். பச்சைப் பட்டாணிக்கும் பசலைக்கும் கடைசி 2 நிமிடம் போதும்.

அடுப்பை அணைத்த பிறகே துருவிய பார்மசான் சீஸ், ஒரு துண்டு வெண்ணெய் சேருங்கள். கொதிக்கும்போது போட்டால் சீஸ் திரிதிரியாகும். அதிலேயே உப்பு உண்டு. ஸ்டாக்கிலும் இருக்கும், முன்கூட்டி உப்புப் போடாதீர்கள். எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம் சேர்த்தால் திகட்டாது. கிரீம் வேண்டுமென்றால் 2 மேசைக்கரண்டி தாராளம்.

இறக்கும்போது கொஞ்சம் தளரவே இருக்கட்டும், ஆற ஆற இறுகும். மீந்ததைச் சூடாக்கும்போது சிறிது பால் தெளித்துக் கிளறுங்கள்.